பெண் தர மறுத்தவள்

எங்கள் சொந்தக்காரர்கள் கூடுகிற எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் எனக்கு ஒரு பெயர் உண்டு. அண்ணன் மகனுக்குப் பெண் தர மறுத்தவள். மறுத்ததோடு நிற்காமல் அந்தப் பையன் மேலேயே பழி போட்டவள். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையிலிருந்து ஒரு பெருமூச்சு வரும். "ஏனம்மிணி, உன்ற புள்ளைக்கு எடம் அமைஞ்சுதா?" என்பார்கள். கேள்விக்குள் இருக்கிற ஊசி எனக்குத் தெரியாதா? "அமையாம எங்கீங்க போவுது, நீங்க பாயசம் ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு என் இலையைப் பார்ப்பேன். வாய்க்கு வாய் கொடுக்கிறவள் என்று பெயர் எடுத்த நான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு மேல் பேச மாட்டேன்.

ஏன் பேச மாட்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, யாருக்காச்சும் உபயோகப்படும். பேரு மட்டும் போடாதீங்க" என்றான். ஆகவே இதில் யாருக்கும் பெயர் இல்லை.

எனக்குச் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வீடு. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். பிறந்த வீடு நாமக்கல் பக்கம். அங்கே அண்ணன் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே பையன். அவனுக்குச் சேலத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தபோது நங்கையா, அதாவது என் அண்ணி, "அத்தை ஊடு இருக்கையில ஹாஸ்டல் எதுக்குங்க?" என்றாள். என் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறை காலியாகக் கிடந்தது. பையன் அதில் வந்து தங்கினான். சனிக்கிழமை ஆனால் ராசிபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போவான், திங்கள் காலையில் ஒரு டிரே முட்டையோடு திரும்பி வருவான்.

நங்கையா ஹாஸ்டல் வேண்டாம் என்றதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்தது. எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்கும் அவனுடன் பிறந்தவளுக்கும் செய்வது. அண்ணன் கல்யாணத்தன்று எனக்கு ஒரு புதுச்சேலை கொடுத்து, அலங்காரம் பண்ணி, அண்ணனையும் என்னையும் ஒரே துணியால் இணைத்து நிற்க வைத்தார்கள். நாளைக்கு உனக்குப் பெண் பிறந்தால் என் பையனுக்கு, எனக்குப் பெண் பிறந்தால் உன் பையனுக்கு என்பதுதான் அதன் அர்த்தம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குப் பெண் பிறந்தது, அவருக்குப் பையன் பிறந்தான். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, ஆனால் எல்லார் மனசிலும் இருந்தது. என் மகளிடம் ஒருநாள் சும்மா கேட்டுப் பார்த்தேன். "அவனையா? அய்யோ அம்மா, சின்னதுல எம்பட கையைக் கடிச்சு வெச்சவன். போம்மா அக்கட்டால" என்று போனை வைத்துவிட்டாள். சரி, படிப்பு முடியட்டும், பார்ப்போம் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் வருஷம் பையன் தங்கமாக இருந்தான். தோசை ஊற்றி எனக்குக் கை வலித்தாலும் அவனுக்கு வாய் ஓயாது. சாப்பிட்டபடியே காலேஜ் கதையெல்லாம் சொல்வான். வாத்தியார்களைப் போல நடித்துக் காட்டுவான். தைக்க வருகிற பெண்கள் அவன் பேச்சைக் கேட்பதற்கென்றே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வருஷம் நடுவில் மாற ஆரம்பித்தான். எந்த நாளில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரிவதில்லை. ஊரிலிருந்து ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "என்ன பையன் வத்திப் போயிட்டான்?" என்று கேட்டபோது, "ஜிம்முக்குப் போறானுங்க" என்று நான்தான் பதில் சொன்னேன். அவன் ஜிம்முக்குப் போகிறான் என்று என்னிடம் யாரும் சொல்லவே இல்லை. பேன்ட் லூசாகிவிட்டது, இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டான், பிடித்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அதே பேன்ட்டைத் திரும்பவும் கொண்டுவந்தான். திரும்பவும் பிடித்துக் கொடுத்தேன். இளைத்தால் ஜிம், சோர்ந்தால் பரீட்சை, கண் சிவந்தால் லேப்டாப். அவன் கேட்காமலேயே காரணங்களை நானே தைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு தாறுமாறானது. மதியம் வேண்டாம் என்பான், சாயங்காலம் டப்பாவில் இருக்கிற இனிப்பு முழுவதும் காலியாகும். கிரிக்கெட் மட்டை பீரோவுக்குப் பின்னால் போனது. பழைய சிநேகிதர்கள் வருவது நின்றது. புதிதாக வந்தவர்கள் வீட்டுக்குள் வரமாட்டார்கள், தெருமுனையில் பைக்கை நிறுத்திக்கொண்டு போன் பண்ணுவார்கள். ஒருநாள் சிரித்துச் சிரித்துப் பேசுவான், மறுநாள் "சாப்பிட வா சாமி" என்றால் எரிந்து விழுவான். எங்கள் வீட்டுக்காரர், "லவ்வாட்ட இருக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூடவே, என் மகளுக்கு மறுக்கிற வேலை மிச்சம் என்று ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. பொய் சொல்வானேன்?

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். பையன் அறையில் ஊதுபத்தி கொளுத்த ஆரம்பித்தான். காலேஜிலிருந்து வந்தவுடன் ஒன்று, படிக்க உட்காரும்போது ஒன்று. அறையைத் தாண்டிப் போனாலே கோயிலுக்குள் போன மாதிரி இருக்கும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது! இந்தக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு பக்தியா! உடனே நங்கையாவுக்குப் போன் போட்டேன். "உங்க பையன் சாமியாராயிருவான் போல இருக்குதுங்க, எந்நேரமும் ஊதுபத்திதான்" என்றேன். அவளுக்குத் தாங்கமுடியாத பெருமை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று திருச்செங்கோட்டு மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பிரசாதத்தில் எனக்கும் ஒரு பங்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் பேன்ட்டைத் துவைக்கப் போடும்போது பையில் ஏதோ தட்டுப்பட்டது. காலியான மாத்திரை அட்டை, நாலாக மடித்து வைத்திருந்தான். காய்ச்சலோ என்னவோ, பிள்ளை சொல்லாமல் இருக்கிறானே என்று பதறிப்போய் அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆப்பரேசன் பண்ணினவங்களுக்குத் தர்ற வலி மாத்திரைங்க. சீட்டு இல்லாம நாங்க தர மாட்டோம். உங்க ஊட்ல யாருக்கு ஆப்பரேசன்?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அவர் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "வயசுப் பசங்க இருந்தா சித்த பாத்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நேராக அந்த அறைக்குள் போனேன். என் மகளின் அறைதான், நான் தினமும் கூட்டுகிற அறைதான். அன்றைக்குத்தான் சுவரைப் பார்த்தேன். நாலு சுவரிலும் ஒரு சாமி படம் கூட இல்லை. எங்கள் சாமி அலமாரி சமையலறைப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அப்படியானால் இத்தனை நாளாக யாருக்கு ஊதுபத்தி? எந்த வாசனையை மறைக்க இந்த வாசனை? கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பொறுமைசாலி இல்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அட்டையை மூஞ்சிக்கு நேரே நீட்டிக் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவன் அசரவில்லை. கண் பாதி மூடியிருந்தது, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "சிநேகிதனுதுங்க அத்தை. அவனுக்குக் கால் ஒடஞ்சிருக்குது. சத்தியமாங்க" என்று என் தலையில் கை வைக்க வந்தான். கையைத் தட்டிவிட்டேன். அவன் போய்ப் படுத்துக்கொண்டான். நான் கத்தினதெல்லாம் வீணாய்ப் போனது.

என்னிடம் தைக்க வருகிறவர்களில் ஒரு டாக்டரம்மா உண்டு, மனநல மருத்துவர். அடுத்த முறை அவர் வந்தபோது, "எங்க தெருவுல ஒரு பையனுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "உங்க தெருவா, உங்க வீடா?" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு மறந்துவிட்டது, மீதி மறக்கவே இல்லை. ஒரு அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பையனையும் சந்தேகப்படக்கூடாது, இந்த வயதில் தூங்குவதும் எரிந்து விழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு என்றார். முன்னால் எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான், ஒன்றல்ல நாலைந்து விஷயம் சேர்ந்து மாறியிருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். போதையில் இருக்கும்போது கேட்டுப் பிரயோஜனம் இல்லை, தெளிவாக இருக்கும் நேரத்தில், கத்தாமல், குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்காமல் கேளுங்கள் என்றார். அவனாகத் திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு தாங்காமல் போகலாம், அதனால் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், அப்பா அம்மாவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு மத்தியானம் அவன் தெளிவாக இருந்தான். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது கூப்பிட்டேன், வந்தான். துணியை மடித்தபடியே கேட்டேன். "சாமி, நான் வைய மாட்டேன். எப்பலருந்து?" அழுதான். முதலில் ஒருத்தன் பிறந்தநாளுக்கு பீர் குடித்தது, பிறகு கஞ்சா, பிறகு இந்த மாத்திரை. நிறுத்தலாம் என்று பார்த்தால் உடம்பு நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை என்றான். என் மடியில் தலை வைத்து, "அப்பாகிட்டச் சொல்லாதீங்க அத்தை, செத்துருவேன்" என்றான். அந்தத் தலையைத் தடவிக்கொண்டே, "சொல்லாம இருக்க முடியாது சாமி. ஞாயித்துக்கிழமை நானே வாரேன், கூட இருந்து சொல்றேன்" என்றேன். தலையை ஆட்டினான். நம்பினேன்.

அவன் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் பண்ணையில் போய் இறங்கியபோது நங்கையா வாசலில் நின்றிருந்தாள். "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் "வாங்க" என்று சொல்லாமல் நிற்பதைவிடப் பெரிய அடி கிடையாது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் உள்ளறையில் இருந்தான். அவன் எனக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், அவன் விதத்தில். அத்தை மகளுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். முறை இருக்கும்போது எப்படி மறுப்பது என்று தெரியாமல், அவன் மேல் போதைப் பழி போடப் போகிறார்களாம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வருகிறார்களாம்.

அடப்பாவி! என் மடியில் படுத்து அழுதவன்!

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லீனா இல்லீனு சொல்லீட்டுப் போங்க" என்றாள் நங்கையா. "என்ற பையன் மேல எதுக்குங்க பழி போடறீங்க? நீங்கதான சொன்னீங்க, சாமியாரு மாதிரி இருக்கறான், எந்நேரமும் ஊதுபத்தின்னு? அந்த வாய்தான இப்பக் கஞ்சாங்குது?"

"நங்கையா, நான் எடமே பாக்கலீங்க. யாரு சொன்னா அப்படி?" என்று நான் கத்த, அவள் கத்த, பேச்சு எங்கேயோ போனது. என் கல்யாணத்துக்கு என்ன சீர் செய்தார்கள், என் மகள் சடங்குக்கு யார் வந்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அண்ணன் தலையைத் தூக்கினார். "இணைச்சீர் செஞ்சவ நீ. நீயே இப்படிப் பண்ணுவேன்னு நெனைக்கல அம்மிணி" என்றார். அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

பஸ் ராசிபுரம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நேரம் சண்டை போட்டோமே, அதில் ஒருவர் கூடப் பையனைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஏன் இளைத்தான், ஏன் கண் சிவந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லை. முழுச் சண்டையும் பெண் தருவதா இல்லையா என்பதில் போய்விட்டது. எங்கள் ஆட்களின் காதில் வேறு எது விழுந்தாலும் அது சம்பந்தப் பேச்சாகத்தான் விழும். பையனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. போதைக்குப் பழகினவனுக்கு மூளை மழுங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். தப்பித்துக்கொள்ளும் விஷயத்தில் மட்டும் அது எவ்வளவு கூர்மையாகிவிடுகிறது!

பையன் என் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. சிநேகிதர்களோடு சேலத்திலேயே ரூம் எடுத்துக்கொண்டான். அந்தத் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. மண்டபங்களில் எனக்கு மேலே சொன்ன பெயர் விழுந்தது. எங்கள் வீட்டுக்காரர், "அவங்க பையன், அவங்க பாடு. நீ சொல்ல வேண்டியதச் சொல்லீட்ட, உடு" என்றார். விட்டுவிடத்தான் பார்த்தேன். ரோஷம் எனக்கு இல்லையா?

தை மாதத்தில் ஒருநாள் நூல் வாங்கக் கடைவீதிக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. கிட்டே போய், "சாமி" என்றேன். என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஓடியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். யாரோ எவரோ என்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நூல் வாங்காமல் வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். இந்தப் பிள்ளை செத்துப் போய்விடுவான் என்று எனக்குப் பட்டுவிட்டது.

அழுது முடித்தபின் யோசித்தேன். அந்தச் சம்பந்தம் ஊசலாடிக்கொண்டிருக்கும் வரைக்கும் நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு உள்நோக்கம் இருக்கும். இல்லை இல்லை, நான் மறுக்கவில்லை என்று கத்தக் கத்த, அவர்கள் காதில் அது மட்டும்தான் விழும். அப்படியானால் அதை ஒரேயடியாக முடித்துவிட்டால்?

மகளுக்குப் போன் போட்டேன். "உனக்கு வேற எடம் பேசிட்டோம்னு மாமன் ஊட்டுல சொல்லப் போறேன்."

"பேசிட்டியா? என்னையக் கேக்காமயா?"

"இல்லடி, பொய்தான்."

"அப்பச் சரி, சொல்லிக்க" என்றாள். போனை வைக்கப் போனவள், "அவன் நெசமாவே அப்படி இருக்கானாம்மா?" என்று கேட்டாள்.

பீரோவின் அடியிலிருந்து இணைச்சீர் சேலையை எடுத்தேன். கல்யாணத்தன்று கட்டினதோடு சரி, மடிப்பு கலையாமல் இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். முட்டை லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. அண்ணன் கேட்டருகே நின்றிருந்தார், நங்கையா பின்னால் ஓடி வந்தாள். நான் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியில் நின்றே சேலையை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்கண்ணா. எம்புள்ளைய உங்க பையனுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல. வேற எடம் பேசிட்டோம். இந்தாங்க இணைச்சீர் சேலை, முறை முடிஞ்சுது" என்றேன். நங்கையா மார்பில் அடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருப்பீங்களா?" என்றாள். அண்ணன் சேலையைப் பிடித்தபடி நின்றார். "இனி எனக்கு மறுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, மறைக்கறதுக்கும் ஒண்ணுமில்ல. இப்பவாச்சும் நான் சொல்றதக் கேளுங்க. சொல்லாம கொள்ளாம ஒருநாளு அவன் ரூமுக்குப் போங்க. ஊதுபத்தி கொளுத்தியிருப்பான். சாமி படம் இருக்குதான்னு மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம். படம் இல்லீனா எனக்குப் போன் போடுங்க, தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தரு இருக்கறாங்க" என்றேன்.

"போ அம்மிணி" என்றார் அண்ணன். வந்துவிட்டேன். பிறந்த வீட்டுக் கேட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, அவர் பார்க்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. அண்ணனும் போய், பையனும் போய், வெறும் பொய் மட்டும் மிஞ்சிவிடுமே!

ஒரு வாரம் இருக்கும். மிஷினில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அண்ணன் பெயர். எடுத்தேன்.

"அம்மிணி, சாமி படம் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். என் அண்ணன் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். உச்சி வெயிலில் போயிருக்கிறார், கையில் ஒரு டிரே முட்டையோடு. அறை முழுக்க ஊதுபத்திப் புகை. பையன் சுருண்டு கிடந்திருக்கிறான், எழுப்பினாலும் எழவில்லை. சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். "அந்த டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நான் இவனைத் தூக்கிட்டு வாரேன்" என்றார். தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

சுலபமாக முடியவில்லை. பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். அண்ணன் பண்ணையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் கூடவே கிடந்தார். வீட்டுக்கு வந்து சில மாதம் ஆனபிறகு ஒருமுறை பழையபடி வழுக்கினான், திரும்பவும் சேர்த்தார்கள். அப்படி வழுக்குவதும் இந்த நோயில் உண்டு, மனசை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். படிப்பில் ஒரு வருஷம் போனது. இப்போதும் நான் அவன் அறைப்பக்கம் போனால் மூக்கு தானாக மோப்பம் பிடிக்கும். எங்கள் சாமி அலமாரியில் கூட நான் இப்போதெல்லாம் ஊதுபத்தி கொளுத்துவதில்லை, சாமி என்னை மன்னிக்கட்டும்.

பையன் ஏன் காலேஜ் போகவில்லை, ஏன் வீட்டிலேயே இருக்கிறான் என்று ஊர் கேட்காமல் இருக்குமா? நங்கையா பதில் வைத்திருந்தாள். "அத்தை பொண்ணு குடுக்கல. அதுல மனசொடஞ்சு போயிட்டானுங்க, உடம்புக்கு முடியல." இது என் காதுக்கு வந்தபோது எனக்குத் தலைக்கேறியது உண்மை. நேராகப் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். வாசலில் அண்ணன் வந்து நின்றார். "அந்தப் பேச்சு அப்படியே இருக்கட்டுமா அம்மிணி? போதைன்னு தெரிஞ்சா நாளைக்கு அவனுக்கு ஒரு வேலை, ஒரு பொண்ணு அமையாது" என்றார். கை கூப்பினார். என் அண்ணன் என்னைப் பார்த்துக் கை கூப்பலாமா? "இருந்துட்டுப் போவுதுங்கண்ணா, உள்ளார வாங்க, காப்பி வெக்கறேன்" என்றேன். சேலை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. திரும்பி வந்தால் ஊர் காரணம் கேட்கும்.

போன வாரம் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு பெரியம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். "இந்தப் பையனை நோவடிச்சிட்டு உனக்கெல்லாம் சோறு எப்படித்தான் எறங்குதோ?" எதிர்வரிசையில் இருந்த பையன் இலையை விட்டு எழுந்தான். "பெரியம்மா, அத்தை மேல தப்பில்லீங்க, நாந்தான்" என்று வாயெடுத்தான். "சோத்துல கை வெச்சுட்டு எந்திரிக்காத, உக்காரு சாமி" என்று நான் போட்ட சத்தத்தில் ரசம் ஊற்றுகிறவரே ஒரு அடி பின்னால் போனார். பையன் உட்கார்ந்துவிட்டான். பெரியம்மா, "பாரு, இன்னும் அந்த வாய் அடங்குதா" என்றார்.

திங்கட்கிழமை பையன் என் வீட்டுக்கு வந்தான். முன்பு போலவே கையில் ஒரு டிரே முட்டை. இன்னொரு கையில் ஒரு பேன்ட். நான் இரண்டு முறை இடுப்புப் பிடித்துக் கொடுத்த அதே பேன்ட். "நான் சொன்ன பொய்யத் தூக்கிட்டு நீங்க அலையறீங்க அத்தை" என்றான். "அதுக்கென்ன, கனமாவா இருக்குது?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. பேன்ட்டை நீட்டி, "இடுப்பைப் பிரிச்சு உடுங்க" என்றான்.

பிடிக்கும்போது துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைத்திருந்தேன். முதல் பிடிப்பைப் பிரித்துக் கொடுத்தேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். பட்டன் போட மூச்சைப் பிடித்தான், முகம் சிவந்தது.

"பத்தலீங்க அத்தை. இன்னொண்ணையும் பிரிங்க."

மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே பிரித்தேன்.